சதாம் சிலையை இழுத்துத் தள்ளிய அந்தப் படம் பொய்யா? வகுப்பில் என்ன சொல்வது?

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். போன வாரம் ஈராக் போர் பற்றிப் பேச்சு வந்தபோது, 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலையைக் கீழே தள்ளிய படத்தைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், ஹாஸ்டல் டிவியில் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரே ஜனக்கூட்டம், சிலை கணுக்காலுக்கு மேலே மடங்கி மெதுவாகச் சாய்கிறது, எல்லோரும் ஓடிப்போய் அதன்மேல் ஏறுகிறார்கள், செருப்பைக் கழற்றி அடிக்கிறார்கள். ஒரு நாடே எழுந்து நின்று ஒரு சர்வாதிகாரியை வீழ்த்தியது என்றுதான் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன்.

மறுநாள் ஒரு பையன் அவன் அண்ணன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அதே சதுக்கம், அதே நாள், ஆனால் உயரத்தில் இருந்து எடுத்தது. சதுக்கத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. ஓரங்களில் அமெரிக்க டாங்கிகள். சிலைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கொத்து ஆட்கள். "மிஸ், நீங்க காட்டினது பொய்ப் படமா?" என்று கேட்டான். சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு பக்கம் மொத்தமும் செட் போட்டு எடுத்த நாடகம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஈராக் மக்களின் விடுதலையைக் கொச்சைப்படுத்தாதே என்று சண்டைக்கு வருகிறார்கள். இரண்டு பேருமே அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை. பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு நேர்மையாக என்ன பதில் சொல்வது?

பழைய டெஸ்க்:

மேடம், இந்தப் படத்துக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அன்று ராத்திரி நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக நைட் ஷிஃப்டில் இருந்தேன். நம் நேரப்படி எட்டேகால், எட்டரை இருக்கும், சிலை விழுந்தது. வெளியூர் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டிய நேரம். ஏஜென்சி படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சிலையின் கழுத்தில் சங்கிலி, அந்தச் சங்கிலியின் மறுமுனையில் அமெரிக்க மரைன் படையின் மீட்பு வண்டி. எம்-88 என்பார்கள், பழுதாகி நிற்கிற டாங்கியையே இழுத்துக்கொண்டு போகிற வண்டி அது. அதன் கிரேன் கை படத்தின் இடது பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கம் ஒரு முப்பது பேர் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். எனக்கு இருந்த இடமோ மூன்று பத்தி. வண்டியை வெட்டினேன். சிலையும் முப்பது பேரும் மட்டும் மிஞ்சினார்கள். கீழே 'சிலையை வீழ்த்திய மக்கள்' என்று படக்குறிப்பு எழுதிப் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லப்போனால் எங்கள் பேப்பர் அந்தப் போரை எதிர்த்துத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்த பேப்பர். இடம் போதவில்லை, வண்டி இடைஞ்சலாகத் தெரிந்தது, அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்தச் சிலையை இழுத்தது எதுவோ அதையே நான் வெட்டி எறிந்துவிட்டு, இழுத்தது மக்கள் என்று எழுதியிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

இப்போது நடந்ததற்கு வருவோம். சிலை நிஜம், விழுந்தது நிஜம், ஈராக்கியர்கள் வந்ததும் நிஜம். முதலில் சம்மட்டியால் பீடத்தை அடித்தது அந்த ஊர்ப் பளுதூக்கும் வீரர் ஒருவர். சதாம் மேல் அவருக்கு இருந்த கோபம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. (பிற்பாடு, நாடு போன போக்கைப் பார்த்து, அன்று செய்ததற்காக வருத்தப்படுகிறேன் என்று அவரே பேட்டி கொடுத்தார்.) சம்மட்டிக்கும் கயிற்றுக்கும் சிலை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மரைன் அதிகாரி அனுமதி கொடுத்து எம்-88 உள்ளே வருகிறது. ஒரு சிப்பாய் மேலே ஏறி சதாம் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்துகிறார், அது தப்பான சேதியாகப் போகும் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டு ஈராக் கொடியைக் கட்டுகிறார்கள். இராணுவத்தின் உளவியல் பிரிவு ஒலிபெருக்கியோடு அங்கே இருந்தது, மக்களை உதவிக்குக் கூப்பிட்டது. இதெல்லாம் எதிர்த்தரப்புக் குற்றச்சாட்டு இல்லை, அமெரிக்க இராணுவமே போரைப் பற்றித் தயாரித்த ஆய்வில் இருந்தது, 2004-ல் பத்திரிகையில் வந்தது. சதுக்கத்துக்கு வந்த மரைன் பட்டாலியனைத் தொடர்ந்து பாக்தாத் வரை வந்த பீட்டர் மாஸ் என்ற நிருபரும் 2011-ல் நியூயார்க்கர் இதழில் அன்றைய நாளை மணிக்கணக்காகப் பிரித்து எழுதியிருக்கிறார். மேலிடத்தில் திட்டம் போட்டுச் செய்ததாக அவர் சொல்லவில்லை. அங்கேயே அந்த நேரத்தில் எடுத்த முடிவு என்றுதான் சொல்கிறார், அதைப் பெரிதாக்கியது மீடியா.

ஏன் அந்தச் சதுக்கம்? பாக்தாத்தில் சதாமுக்கு எத்தனையோ சிலை இருந்தது. இந்தச் சிலை ஒன்றும் சரித்திரப் புகழ் பெற்றது இல்லை, 2002 ஏப்ரலில் அவருடைய 65-வது பிறந்தநாளுக்கு வைத்தது, ஒரு வயதுதான் ஆகியிருந்தது. ஆனால் அதற்கு நேர் எதிரே பாலஸ்தீன் ஹோட்டல். உலகத்து நிருபர்களும் கேமராக்காரர்களும் தங்கியிருந்த இடம். கேமரா எங்கே இருந்ததோ அங்கே சரித்திரம் நடந்தது. வேறு தெருக்களில் அன்றும் மறுநாளும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 10-ல் இருந்து தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளையடித்தார்கள். ஆனால் டிவியில் சிலைதான். அமெரிக்க நேரப்படி காலை 11 மணியில் இருந்து இரவு 8 மணி வரை ஃபாக்ஸ் சேனல் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒரு முறையும் சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒரு முறையும் சிலை விழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியதாக அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அன்றே பெர்லின் சுவர் விழுந்ததோடு அதை ஒப்பிட்டுப் பேசிவிட்டார்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே பாலஸ்தீன் ஹோட்டலின் மேல்மாடியை முந்தின நாள், ஏப்ரல் 8 அன்று, அமெரிக்க டாங்கி ஒன்று சுட்டது. ராய்ட்டர்ஸ் கேமராமேன் தாராஸ் புரொட்ஸ்யுக், ஸ்பெயின் டிவியின் ஹோசே கூசோ இருவரும் இறந்தார்கள். அதே நாள் காலையில் அல் ஜசீரா அலுவலகத்தில் குண்டு விழுந்து நிருபர் தாரிக் அய்யூப் இறந்தார். மறுநாளே அதே ஹோட்டல் வாசலில்தான் வெற்றிப் படம். எங்கள் பேப்பரில் முதல் சேதி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி, இரண்டாவது முதல் பக்கம்.

குமரன்_தஞ்சை:

சார் சொன்னதைப் படித்த பிறகு இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? செய்தி ஏஜென்சிகளைப் பாருங்கள்: ஏபி நியூயார்க்கில், ராய்ட்டர்ஸ் லண்டனில், ஏஎஃப்பி பாரிஸில். உலகத்துச் செய்திப் படத்தில் பெரும்பங்கு இந்த மூன்று வாசல் வழியாகத்தான் நமக்கு வருகிறது. அவர்கள் நாடு சண்டைக்குப் போனால் அது விடுதலை, மற்றவன் போனால் ஆக்கிரமிப்பு.

2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் எடுத்த இரண்டு படம் யாஹூவில் வந்ததே, நினைவிருக்கிறதா? மார்பளவு வெள்ளத்தில் சாமானோடு ஒரு கறுப்பு இளைஞன் நடந்து வருகிறான், கடையைக் 'கொள்ளையடித்துவிட்டு' வருவதாகக் கீழே எழுதியிருந்தது. அதே வெள்ளத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள், கையில் ரொட்டியும் சோடாவும், அவர்கள் கடையில் இருந்து 'கண்டெடுத்துக்கொண்டு' வருகிறார்களாம். 2022-ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததும் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி நிருபர் ஒருவர் நேரலையிலேயே இது ஈராக், ஆப்கானிஸ்தான் மாதிரி இடம் இல்லை, ஓரளவு நாகரிகமான, ஓரளவு ஐரோப்பிய நகரம் என்று சொல்லிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டார். வாய் தவறி வந்ததுதான் உள்ளே இருப்பது.

என்னைக் கேட்டால் டீச்சர், அந்தப் பையனிடம் ஒரு படத்தையும் நம்பாதே என்று சொல்லிவிடுங்கள். அதுதான் பாதுகாப்பு.

வடமராட்சி:

வணக்கம் ரீச்சர். குமரன் தம்பியின் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அவர் சொன்ன கடைசி வரிக்கு நான் எதிர்ப்பு.

ஒரு படத்தையும் நம்பாதே என்பதை நாங்கள் வேறு வாயால் கேட்டிருக்கிறோம். 2008 செப்டெம்பரில் இலங்கை அரசாங்கம் ஐ.நா. ஆட்களையும் தொண்டு நிறுவனங்களையும் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொன்னது. அதன் பிறகு 2009 மே வரை வன்னிக்குள் சுயாதீனமான கமெரா போக விடவில்லை. என்ர அக்கா குடும்பம் உள்ளே இருந்தது, அவர்களிடம் இருந்து எங்களுக்கு ஒரு படமும் வரவில்லை. உலகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் சனம் இல்லாமல் போனதற்கு யாரும் படத்தை வெட்டத் தேவைப்படவில்லை, எடுக்கவே விடவில்லை. நீங்கள் பாரபட்சம் என்று பேசும்போது வந்த படங்களை வைத்துத்தான் பேசுகிறீர்கள். வராத படத்தை யார் கணக்கெடுப்பது?

2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கண்ணையும் கையையும் கட்டின நிர்வாணமான ஆட்களைச் சீருடைக்காரர்கள் பின்னால் நின்று சுடுகிறார்கள். அரசாங்கம் உடனே என்ன சொன்னது? போலி என்று. தங்களுடைய நிபுணர்களைக் கொண்டுவந்து போலி என்று நிறுவப் பார்த்தது. அப்போது பொதுவில் கேட்ட ஆட்கள் எல்லாரும், 'இந்தக் காலத்தில் எதையும் எடிட் பண்ணலாம்தானே' என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். 2010 ஜனவரியில்தான் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், துப்பாக்கி, தடயவியல், வீடியோ நிபுணர்களைக் கொண்டு பார்த்துவிட்டு, அது உண்மையானது என்பதற்கே வலுவான அறிகுறி இருக்கிறது என்று சொன்னார். அந்த இடைப்பட்ட மாதங்களில் எங்களைச் சந்தேகப்பட்டவன் யாரும் கெட்டவன் இல்லை தம்பி, உங்களைப் போல எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன்தான்.

உக்ரைனில் புச்சாவிலும் இதே கதை. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் யாப்லுன்ஸ்கா வீதியில் பிணங்கள் கிடக்கிற படம் வந்தது. தங்கள் படை போன பிறகு கொண்டுவந்து போட்டது என்று ரஷ்யா சொன்னது. மார்ச் நடுப்பகுதியில், ரஷ்யப் படை அங்கே இருந்தபோதே எடுத்த செய்மதிப் படங்களில் அதே வீதியில் அதே இடங்களில் உடல்கள் கிடந்தது பிறகு தெரியவந்தது. மேற்குலகக் கம்பனி எடுத்த படம் என்பதற்காக அதைத் தள்ளிவிடலாமா? சந்தேகப்பட்டால் கடைசி மட்டும் போய்ப் பார்க்க வேண்டும், பாதி வழியில் நின்று எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டால் சுட்டவனுக்குத்தான் லாபம்.

குமரன்_தஞ்சை:

அண்ணா, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. சனல் 4 விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏஜென்சிகளின் பாரபட்சம் பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை.

பழைய டெஸ்க்:

குமரன், அதில் மாற வேண்டியதும் இல்லை. ஆனால் கத்ரீனாவில் ஒரு சின்னத் திருத்தம். அந்த இரண்டு படமும் ஒரே கை எழுதியது இல்லை. ஒன்று ஏபி, இன்னொன்று ஏஎஃப்பி. ஏபி தரப்பில், எங்கள் ஆள் அந்த இளைஞன் கடைக்குள் போய் எடுத்து வந்ததைக் கண்ணால் பார்த்தார் என்றார்கள். மற்றப் படத்தை எடுத்தவர், கடையில் இருந்து தண்ணீரில் மிதந்து வந்ததைத்தான் அவர்கள் எடுத்தார்கள் என்றார். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஒரு சமூகம் காலங்காலமாக எதைப் பழகியிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. தனி ஆளைப் பிடித்து நீ இனவெறியன் என்று சொல்வதைவிட இது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன், நான் அன்று படத்தை வெட்டியதும் இந்த வகைதான்.

மேடம், உங்கள் கேள்விக்கு இன்னும் நேராக ஒன்று. படத்தில் பொய் என்றால் எல்லோரும் ஃபோட்டோஷாப்பை நினைக்கிறார்கள். அதைத் தொழில் உலகம் கடுமையாகத் தண்டிக்கிறது. சிலை விழுவதற்குச் சில நாள் முன்புதான் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, பாஸ்ரா பக்கம் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயும் ஜனங்களும் இருக்கிற இரண்டு ஃபிரேமை ஒன்றாக ஒட்டி அனுப்பி மாட்டிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆட்களில் சிலர் இரண்டு தடவை தெரிந்தார்கள். உடனே வேலை போனது. 2006-ல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையை அதிகமாக்கிய அத்னான் ஹஜ்ஜை ராய்ட்டர்ஸ் விலக்கிவிட்டு, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையில் இருந்து எடுத்தது. சரிதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள், பிக்ஸலில் கை வைத்தவனுக்கு வேலை போகிறது. வண்டியை வெட்டிய எனக்கு மறுநாள் நியூஸ் எடிட்டர் 'நல்ல படம்பா' என்று சொல்லிவிட்டுப் போனார். வால்ஸ்கி செய்ததைவிட நான் செய்தது வாசகனை அதிகமாக ஏமாற்றியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் படத்தில் ஒரு சிப்பாயின் கை நின்ற விதம்தான் மாறியது, என் படத்தில் சிலையைத் தள்ளியது யார் என்பதே மாறிவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. 1989 டிசம்பரில் ருமேனியாவில் திமிஷோவாரா நகரத்தில் மண்ணைத் தோண்டி எடுத்து வரிசையாகக் கிடத்திய பிணங்களின் படம் உலகமெல்லாம் வந்தது. வயிற்றில் தையல் போட்ட பிணங்கள், ஒரு பெண்ணின் மார்பில் ஒரு பச்சைக் குழந்தை. ரகசியப் போலீஸ் சித்திரவதை செய்து கொன்றது, ஆயிரக்கணக்கில் புதைத்தது என்று எழுதினார்கள். அப்புறம் பார்த்தால் அது ஏழைகளின் இடுகாடு, தையல் பிரேதப் பரிசோதனையில் போட்டது, அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் திமிஷோவாராவில் இராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது நிஜம். படத்துக்குக் கீழே எழுதியது பொய், கொலை உண்மை, இரண்டும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில். வடமராட்சி சொன்ன மாதிரி பாதி வழியில் நின்றவர்கள் இங்கேயும் இரண்டு பக்கமும் தவறினார்கள்.

அந்தப் பையன் கொண்டுவந்த உயரத்துப் படத்தையும் அப்படியே உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்ததுதான். சாயங்காலம் முழுக்க சதுக்கத்தில் ஆள் கூடியும் குறைந்தும் இருந்தார்கள், சிலை விழுந்த நிமிடத்தில் இருந்த கூட்டமும் அரை மணிக்கு முன்பு இருந்த கூட்டமும் ஒன்றில்லை. எப்போது எடுத்தது, எங்கே நின்று எடுத்தது, அங்கே போக அவருக்கு அனுமதி கொடுத்தது யார், பக்கத்தில் நின்ற இன்னொரு கேமரா எதைக் காட்டுகிறது, படத்தை எடுத்தவரே கீழே எழுதினாரா அல்லது என்னை மாதிரி ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவன் எழுதினானா. இதைக் கேட்கப் பழக்கிவிட்டால் போதும், அவன் என்னைவிட நல்ல உதவி ஆசிரியர் ஆகிவிடுவான்.

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வடமராட்சி அண்ணா, உங்கள் அக்கா குடும்பத்தைப் பற்றிப் படித்ததும் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வராத படம் பற்றி நீங்கள் சொன்னதை வகுப்பில் தனியாக ஒரு பீரியட் பேசப் போகிறேன், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்.

திங்கட்கிழமை முதலில் அந்தப் பையனிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன்: நான் காட்டிய படம் நிஜம், ஆனால் அதை வைத்து நான் சொன்ன கதை தப்பு, நீ கேட்டது நல்ல கேள்வி என்று. அப்புறம் அவன் கொண்டுவந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று இருக்கிறேன். படத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும், எங்கே வைத்தால் கூட்டம், எங்கே வைத்தால் காலி மைதானம், எங்கே வைத்தால் டாங்கி. ஒவ்வொன்றுக்கும் அவர்களே படக்குறிப்பு எழுதட்டும்.

பழைய டெஸ்க் சார், ஒரு உதவி. நீங்கள் அன்று போட்ட பக்கம் உங்களிடம் இருக்கிறதா? பேப்பர் பெயர் வேண்டாம், படமும் அதன் கீழே உள்ள வரியும் மட்டும் போதும்.

பழைய டெஸ்க்:

இருக்கிறது மேடம். பரணில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன், நேற்று ராத்திரி இதை எழுதிய பிறகு இறக்கிப் பார்த்தேன். மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, படம் பழுப்பாகிவிட்டது, ஆனால் நன்றாகத் தெரிகிறது. பெயரை மறைத்து ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். படத்தின் இடது விளிம்பில், சிலையின் கழுத்துக்குப் பக்கத்தில், சங்கிலி ஒரு அரை அங்குலம் தெரிந்துவிட்டு அறுந்த மாதிரி நிற்கும். அதுதான் நான் வெட்டிய இடம். பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள், முதலில் நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம்.